கணினிக் கேள்வி-பதில்: கொடுத்தது 80, காட்டுவது மைனஸ் 81

கேள்வி: செம்பனை ஆலையில் நீராவிக் கலனின் அழுத்தத்தைப் பதிவு செய்ய ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் லினக்ஸ் நிரல் ஓட்டுகிறோம். மூன்று த்ரெட் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்), மூன்றும் ஃபைஃபோ வகை (முன்னுரிமை எண்படி ஓடும் ரியல்-டைம் முறை), செயலியின் ஒரே கோரில் கட்டியவை. 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சென்சரைப் படிப்பதற்கு முன்னுரிமை 80, அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு 50, மெமரி கார்டில் எழுதுவதற்கு 20. ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கட்டளையில் 80 என்பது -81 என்று வருகிறது. சில நேரம் வாசிப்பு 200 மில்லிசெகண்ட் பிந்துகிறது. முன்னுரிமை எங்கே போனது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எங்கும் போகவில்லை. ஒரே முன்னுரிமையை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கணக்கில் எழுதுகிறது. வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையின் ஆர்டிபிரியோ நெடுவரிசையில் நீங்கள் கொடுத்த 80 அப்படியே இருக்கும். டாப் அதோடு ஒன்று கூட்டி மைனஸ் போடும், ஆகவே -81. கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ட்ரேஸில், அதாவது நிகழ்வுப் பதிவில், 99-இலிருந்து கழித்து வரும்: 80 அங்கே 19, 50 அங்கே 49, 20 அங்கே 79. ட்ரேஸில் எண் குறைந்தால் முன்னுரிமை கூடுதல். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. டாப்பில் பெரிய எச்-ஐ அழுத்தி த்ரெட் வாரியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தலைமை த்ரெட்டின் எண் மட்டுமே தெரியும்.

தாமதத்துக்கு வருவோம். படிப்பதும் எழுதுவதும் ஒரே மியூடெக்ஸ் பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடியது) பயன்படுத்துகின்றன என்றே ஊகிக்கிறோம். தோட்டத்தில் பாருங்கள்: துரைக்கு ஸ்டோர் சாவி வேண்டும். சாவி வெளிக்காட்டு ஆளிடம் இருக்கிறது. அவரைக் கிராணி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். சாவி வரும்வரை துரை நிற்க வேண்டியதுதான். துரை படிக்கும் த்ரெட், வெளிக்காட்டு ஆள் எழுதும் த்ரெட், கிராணி அனுப்பும் த்ரெட், சாவிதான் பூட்டு. முன்னுரிமைத் தலைகீழ் என்பது இதுதான். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கும் இதே காரணம்.

ட்ரேஸ்-சிஎம்டி என்ற பதிவுக் கருவியில் ஷெட்-சுவிட்ச் (ஓடும் த்ரெட் மாறுவது), ஷெட்-பிஐ-செட்பிரியோ (பூட்டுக்காக முன்னுரிமை மாறுவது) ஆகிய இரண்டு நிகழ்வுகளையும் பதிவு செய்யுங்கள். சுவிட்ச் வரிகளில் 19 'எஸ்' நிலையில் (தூக்கம்) வெளியேறி 79 உள்ளே வரும். அடுத்து 79 'ஆர்' நிலையில், அதாவது ஓடத் தயாராக இருந்தும், வெளியேற்றப்பட்டு 49 உள்ளே வந்து நீண்ட நேரம் ஓடினால், குற்றவாளி அனுப்பும் த்ரெட்தான்.

மருந்து: மியூடெக்ஸ் உருவாக்கும்போதே அதன் புரோட்டோகாலைப் பிரியோ-இன்ஹெரிட் (பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட், காத்திருக்கும் த்ரெட்டின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது) என்று வையுங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். வைத்தபின் பிஐ-செட்பிரியோ வரியில் 79 என்பது 19 ஆக மாறுவதைக் காணலாம். அந்த நேரத்தில் டாப் -81 காட்டும். பிஎஸ் மட்டும் பழைய 20-ஐயே காட்டும். கொடுத்தது வேறு, இப்போது நடப்பில் இருப்பது வேறு. பிஎஸ்ஸை மட்டும் நம்பினால் இந்த உயர்வு கண்ணில் படாது.

ஒன்று கவனம். பூட்டைப் பிடித்துக்கொண்டே கார்டில் எழுதினால் இந்த மருந்தும் வேலை செய்யாது. கார்டுக்காகக் காத்துத் தூங்கும் த்ரெட்டை எந்த முன்னுரிமையும் எழுப்பாது. பூட்டுக்குள் தரவை நகலெடுங்கள், பூட்டை விடுங்கள், பிறகு எழுதுங்கள்.

கேள்வி: ஒற்றைக் கோர் போர்டில் 90 கொடுத்த லூப் சிக்கி முடிவில்லாமல் ஓடியது. ஆனாலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் இணைப்பு) தடுமாறித் தடுமாறி வேலை செய்ததே?

பதில்: எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் காப்பாற்றியிருக்கிறது. 6.12-க்கு முந்தைய கெர்னலின் இயல்பான அமைப்பில், 10 லட்சம் மைக்ரோசெகண்டில் ரியல்-டைம் வேலைகளுக்கு 9,50,000 வரைதான். மிச்சம் 50 மில்லிசெகண்ட் சாதாரண வேலைகளுக்கு. சோதனைக் காலத்தில் அந்த வரம்பை -1 ஆக்கி நீக்கிவிடாதீர்கள். போர்டை அணைத்துப் போடுவதுதான் வழியாகிவிடும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 99 கொடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். சம முன்னுரிமையில் ஃபைஃபோ ஒன்றையொன்று வெளியேற்றாது. முதலில் வந்தது தானாக விடும்வரை ஓடும். ரியல்-டைம் வேலைக்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலில் (2024-இல் 6.12 பதிப்பிலிருந்து முதன்மை லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது) வன்பொருளின் அழைப்பைக் கவனிக்கும் இன்டரப்ட் த்ரெட்டுகள் இயல்பாக 50-இல் இருக்கும். முதல் கேள்வியில் வந்த அனுப்பும் த்ரெட்டை அதற்குக் கீழே, 40-க்கு இறக்குங்கள். உங்கள் சென்சர் எஸ்பிஐ இணைப்பு வழியாக வருகிறது என்றால் அதன் இன்டரப்ட் த்ரெட்டையும் முன்னுரிமையை மாற்றும் சிஎச்ஆர்டி கட்டளையால் 81-க்கு ஏற்றுங்கள். தரவைக் கொண்டுவரும் த்ரெட் 50-இல் காத்துக்கிடந்தால், படிக்கும் த்ரெட்டுக்கு 80 கொடுத்தும் பலனில்லை.