ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநலச் சிகிச்சைக்குச் சேர்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டுமா?

மார்த்தாண்டத்தில் இருக்கும் உங்கள் சித்தப்பா சில நாட்களாகத் தூங்காமல், உயிரை விட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு, மருத்துவரிடம் வர மறுக்கிறார் என்றும், அவரைக் கொண்டுபோக நீதிமன்ற உத்தரவு வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணை பெற்றுச் சேர்க்கும் முறை இருந்தது. நாகர்கோவிலில் வழக்குரைஞராக இருக்கும் என்னிடம் வருபவர்களில் பலர் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நடப்பிலுள்ளது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

இதன் 94ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ மீளாத கேடு நேரும் என்றாலும், நோயின் காரணமாக அவர் தமக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்வார் என்றாலும், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், அவர் மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும், மருத்துவமனையிலோ வெளியிலோ அவசரச் சிகிச்சை தரலாம். நோயாளியின் சார்பில் நிற்க அவர் முன்பே நியமித்த நியமனப் பிரதிநிதி அருகில் இருந்தால் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். எழுத்தில் யாரையும் நியமிக்காதவருக்கு உறவினரே அந்தப் பிரதிநிதி ஆகலாம். அருகிலுள்ள மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் இந்தச் சிகிச்சையில் அடங்கும் என்பதால், குழித்துறை அரசு மருத்துவமனையின் பணி மருத்துவர் பார்த்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். ஆனால் இந்த அதிகாரம் 72 மணி நேரம் வரை, அல்லது அங்கே பரிசோதனை முடியும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான். 'ஷாக்' எனப்படும் மின்னதிர்வுச் சிகிச்சையை இந்தப் பிரிவின் கீழ் தரவே கூடாது.

அதற்குமேல் உள்நோயாளியாக வைக்க 89ஆம் பிரிவு இருக்கிறது. பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கை தேவை என்று இருவருமே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பிரிவின் கீழ் முப்பது நாள் என்பது உச்சவரம்பு. தேவை நீங்கியதும், விருப்பப்பட்டால் போகலாம் என்று அவரிடமே சொல்லியாக வேண்டும். சேர்க்கையை, இத்தகைய சேர்க்கைகளை மறுஆய்வு செய்யும் அமைப்பான மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாட்களுக்குள், பெண்கள், சிறார் என்றால் மூன்று நாட்களுக்குள், மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். உங்கள் சித்தப்பாவும் வாரியத்திடம் முறையிடலாம், அதற்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு. பாகப்பிரிவினைத் தகராறு நடக்கும் வீடுகளில் 'பைத்தியம்' என்று முத்திரை குத்தும் வழக்கத்தை நான் பார்த்திருப்பதால், இந்தத் தடைகள் தேவையானவை என்றே கருதுகிறேன். சொத்தில் எதிர்த்தரப்பாக இருக்கும் ஒருவர் பிரதிநிதியாகக் கையெழுத்திடாமல் இருப்பது நல்லது.

காவல்துறையைப் பொறுத்தவரை, தெருவில் தன்னிலை மறந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. வீட்டில் கட்டிவைப்பதும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகியதை நாம் மறந்திருக்க மாட்டோம். சங்கிலியிடுவதை இந்தச் சட்டம் அறவே தடை செய்கிறது.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனாலும் இதே மத்தியச் சட்டம்தான். ஆனால் உயிரை விடுவதாக அவர் சொல்லும் நிலையில் ஊரைத் தேர்ந்தெடுக்க நேரம் செலவிடாதீர்கள்: மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, ஒருவர் கூடவே இருக்க, இன்றே 108ஐ அழையுங்கள். அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் ஆலோசகர்கள் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.