பித்தப்பையில் 6 மி.மீ. பாலிப் (பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சிறு புடைப்பு) என்று ரிப்போர்ட் வந்துள்ளது. உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?

வாயுத் தொல்லைக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது என்றும், தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்கேனை வெறும் வயிற்றில் எடுத்தீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. நான் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். மூன்று ஆண்டுகளுக்கு முன், எனக்கு 52 வயதானபோது, சம்பா நடவு முடிந்த கையோடு மேல்வயிற்றில் எரிச்சல் கண்டு, பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். காலையில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டிருந்தேன். சாப்பிட்டாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 7 மி.மீ. பாலிப் என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த மருத்துவர் அடுத்த வியாழக்கிழமை பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார். பணத்துக்காக என் மனைவி வளையலைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துவிட்டு வந்தாள்.

மயிலாடுதுறையில் இருக்கும் என் அக்கா செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, சாப்பிட்டுட்டா ஸ்கேன் எடுத்தே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாப்பிட்டால் பித்தநீரை வெளியே தள்ளுவதற்காகப் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையின் சுவர் மடிந்து தடித்துத் தெரிவதால், உள்ளே இருப்பதைச் சரியாகப் பார்க்கவோ அளக்கவோ முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டு மணி நேரம் பட்டினி இருந்து தஞ்சாவூரில் மறுபடியும் எடுத்தோம். அங்கிருந்த மருத்துவர் என்னை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார், பிறகு உட்காரவும் வைத்தார். திரையில் கறுப்பான பைக்குள், சுவரோடு ஒட்டிய ஒரு வெள்ளைப் புள்ளி, எப்படித் திரும்பினாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லாக இருந்தால் பெரும்பாலும் உருண்டு இடம் மாறும், அதன் பின்னால் நிழலும் விழும்; இது பாலிப்தான் என்று காட்டினார். அளவு 5 மி.மீ.

முதல் மருத்துவர் சொன்னது அடிப்படையற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மருத்துவனும் அல்லன். பித்தப்பைப் பாலிப்களில் பெரும்பாலானவை கொழுப்புப் படிவுகள்தாம், அவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், உடல்நிலை இடம் கொடுக்குமானால், பித்தப்பையை எடுத்துவிடுவதே முறை. ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, 6 முதல் 9 மி.மீ. வரை உள்ளவர்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், காம்பில்லாமல் சுவரில் பரந்து ஒட்டிய பாலிப் உள்ளவர்களுக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஆசிய இனத்தவர் என்பதும் அதில் ஓர் ஆபத்துக் காரணம். நம் நாட்டில் பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில்தான் மிகுதி, தெற்கே குறைவு என்பதையும் தஞ்சாவூர் மருத்துவர் சொன்னார். இருந்தாலும் அந்த வழிகாட்டுதலின்படி, 7 மி.மீ. உண்மையாக இருந்திருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். சாப்பிட்ட வயிற்றில் அளந்த ஓர் எண்ணை நம்பி நாள் குறித்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

5 மி.மீ. என்பதால் ஆறு மாதத்திலும், ஓராண்டிலும், இரண்டாம் ஆண்டு முடிவிலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் தஞ்சாவூர் மருத்துவர். இரண்டாண்டுக்குள் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தால் மறுபடியும் யோசிக்க வேண்டும். ஆறாம் மாதம் வேறொரு சென்டரில் எடுத்தபோது "சிறிய பாலிப் காணப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அளவு இல்லாத ரிப்போர்ட்டை எதனோடு ஒப்பிடுவது? வாசலிலேயே நின்று மி.மீ. எழுதி வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். மூன்று முறையும் அதே 5 மி.மீ. தான், அதன் பிறகு ஸ்கேன் எடுப்பதை நிறுத்திக்கொண்டோம். கீழாநெல்லி தின்றால் கரைந்துவிடும் என்று ஊரில் பலர் சொன்னார்கள். பாலிப்பைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டதால் நான் அதில் இறங்கவில்லை.

என் சித்தப்பா மகனுக்கு 12 மி.மீ. இருந்தது, லேப்பராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சை) செய்து மறுநாளே வீடு திரும்பினான். எடுத்த பையை பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பி, அந்த முடிவையும் கையில் வாங்கினோம்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டு எடுத்திருந்தால், பட்டினி இருந்து மறுபடியும் எடுங்கள். பாலிப்புக்குக் காம்பு இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அப்போதும் 6 மி.மீ. என்றே வந்து, மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசினால், அவர் பயமுறுத்துகிறார் என்று எண்ணி எழுந்து வந்துவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டையும் ஃபிலிமையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.