தம்பியின் மெதடோன் சிகிச்சைக்காக வயலை ஈடு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி தர்மபுரத்தில் இருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியை. கணவர் இறுதிப் போரில் காலில் காயப்பட்டவர், பாரமான வேலை செய்ய ஏலாது. 72 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு. கனடா ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி எட்டு வருடமாக மாதம் 60,000 ரூபாய் அனுப்பி வந்தவன். தொழிற்சாலையில் முதுகு அடிபட்டு, டொக்டர் கொடுத்த வலிக் குளிசைக்கு அடிமையாகிவிட்டான் என்பது இப்போதுதான் தெரியவந்தது. வேலை நின்றுவிட்டது, நாலு மாதமாகக் காசும் இல்லை. தினமும் பாமசிக்குப் போய் மெதடோன் என்ற மருந்து குடிக்கிறானாம். அவன் தங்கியிருப்பது சித்தப்பாவின் மகன் வீட்டில். அவரோ, அதுவும் போதைதான், 15,000 டொலர் கட்டினால் தனியார் நிலையத்தில் ஒரு மாதம் வைத்து எல்லா மருந்தையும் விடவைத்து அனுப்புவார்கள் என்கிறார். அரசு பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) தந்த எங்கள் இரண்டு ஏக்கர் வயலை ஈடு பிடிக்க ஒருவர் தயாராக நிற்கிறார். அம்மா, அவனை ஊருக்கே கூப்பிட்டு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்போம் என்கிறா. நுண்கடனில் இன்னும் 120,000 ரூபாய் கிடக்கிறது, கிழமைக்கு 3,500 கட்டுகிறேன். ஐந்து பவுண் நகை இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: அன்புள்ள சகோதரி, வயலை ஈடு வைக்காதீர்கள். அந்த 15,000 டொலர் இன்றைக்கு முப்பது இலட்சம் ரூபாய்க்கும் மேல். அதைக் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது, தம்பி இப்போது பெற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையைவிட ஆபத்தானது.

மெதடோனும் ஓபியோயிட் வகை மருந்துதான், அதாவது அபினைப் போல் வேலைசெய்யும் வலி மருந்து இனம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தம்பி விழுங்கிய குளிசைகள் சில மணி நேரத்தில் ஏறி இறங்குபவை. இறங்கும்போது உடம்பு நோகும், வியர்க்கும், வயிற்றால் போகும், அடுத்த குளிசையைத் தேடி ஓடவைக்கும். மெதடோன் உடம்பில் நெடுநேரம் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அளவு சரியாக அமைந்துவிட்டால் மயக்கமும் இல்லை, தேடலும் அடங்கும், ஆள் வேலைக்குப் போகலாம். 1960களில் நியூயோர்க்கில் வின்சன்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய முறை இது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அம்மா கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் போய்ப் பிரஷர் குளிசை எடுத்து வருகிறா என்றால், அதை எப்போது விடுவா என்று யாரும் கேட்பதில்லை. தம்பியின் மருந்தையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம், பலருக்கு அதைவிட நீளும்.

ஒரு மாதத்தில் எல்லா மருந்தையும் நிறுத்தி அனுப்பினால் என்ன நடக்கும்? ஆசை போகாது, உடம்பின் தாங்குசக்திதான் போகும். முன்பு தாங்கிய அளவை ஒரு பலவீனமான நாளில் மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். கனடாத் தெருக்களில் இன்று விற்கும் போதைப்பொருளில் பென்டனில் என்ற மிகக் கடுமையான ஓபியோயிட் கலந்திருப்பது சாதாரணம், அதன் மிகச் சிறிய அளவே ஆளைக் கொல்லும். உங்கள் சித்தப்பாவின் மகன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் இந்த யோசனைக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

இப்போதைய சிகிச்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அம்மாவுக்கும் மனம் ஆறும். ஒன்ராறியோவில் மெதடோனைத் தோடம்பழப் பானத்தில் கலந்து 100 மில்லிலீற்றராகக் கொடுப்பது வழக்கம். மருந்தாளரின் கண் முன்னே குடிக்க வேண்டும், குடித்தபின் ஒரு வார்த்தை பேசவும் வேண்டும், விழுங்கிவிட்டார் என்று தெரிவதற்கு. அளவை மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள், ஏனென்றால் முதல் இரண்டு கிழமைதான் ஆபத்துக் கூடிய காலம். இடையிடையே சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் பழைய அளவை அப்படியே கொடுக்கமாட்டார்கள். நிலைமை சீரானபின் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இரண்டு தரம் சொல்லுங்கள். பெரியவரின் ஒருநாள் அளவு ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும். சாராயமும் நித்திரைக் குளிசையும் இதோடு சேரவே கூடாது.

இனிச் செலவு. மருத்துவரைப் பார்ப்பதற்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. மருந்துக்கு, ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற சமூக உதவிப் பணம் பெறுபவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம் கொடுக்கும். அது இல்லாதவர் ட்ரில்லியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு அளவுக்கு அவர் கட்ட, மிச்சத்தைத் திட்டம் ஏற்கும். ஆகவே இங்கிருந்து நீங்கள் அனுப்பித்தான் தம்பி மருந்து குடிக்க வேண்டும் என்ற நிலை இல்லை.

தம்பிக்கு உண்மையில் போவது நேரம். தினமும் பாமசி திறக்கும் நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும், தூரத்து வேலையும் சில நேர முறைகளும் ஒத்துவராது. வருமானம் விழுவது இந்த இடத்தில்தான், உதவி தேட வேண்டியதும் இங்கேதான். கனடாவின் வேலைக்காப்புறுதியில் நோய்க்காலக் கொடுப்பனவு இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து அது 26 கிழமை வரை கிடைக்கும், காப்புறுதிக்குட்பட்ட சம்பளத்தில் 55 வீதம். 600 மணி நேர வேலை காட்ட வேண்டும், வேலை செய்ய முடியாது என்ற மருத்துவர் கடிதம் வேண்டும். வேலை நின்றவுடனேயே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றாலும், பிந்தியதற்குக் காரணம் எழுதி முன்திகதியிட்டு ஏற்கும்படி கேட்கலாம். முதுகு அடிபட்டது தொழிற்சாலையில் அல்லவா? அப்போது வேலையிடப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபையில் (WSIB) பதிவு செய்தாரா என்று கேளுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். பதிந்திருந்தால் அந்தக் கோவையைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம். இந்த அலுவல்களில் கூடப்போய்ப் படிவம் நிரப்ப உங்கள் சித்தப்பாவின் மகன் முன்வந்தால், அதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஊருக்குக் கூப்பிடுவதை இப்போது நிறுத்தி வையுங்கள். விமானச் சீட்டுச் செலவு ஒரு பக்கம். மெதடோன் கட்டுப்பாட்டு மருந்து என்பதால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுக்காமல் போத்தலோடு கட்டுநாயக்காவில் இறங்க முடியாது, மருந்தை விட்டுவிட்டு வந்தால் நான் மேலே சொன்ன ஆபத்துத்தான். அம்மாவின் நேர்த்திக்கு ஆள் வரவேண்டியதில்லை. வைகாசி விசாகப் பொங்கலுக்கு அம்மாவே வற்றாப்பளை போய் தம்பி பெயரில் வைக்கட்டும்.

இனி உங்கள் வீடு. அந்த 60,000 ஒரு வருடத்துக்கு வராது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாலு மாதமாக "அடுத்த மாதம் வரும்" என்று கைமாற்று வாங்கியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். முதலில் கழுத்தைப் பிடிப்பது நுண்கடன். கிழமைக்கு 3,500 என்றால் மாதம் 15,000க்கு மேல், முன்பள்ளிச் சம்பளத்தில் அது தாங்காது. இன்று ஒரு பவுண் இரண்டு இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அரச வங்கி ஒன்றில் ஒரு காப்பையோ மோதிரங்களையோ அடைவு வைத்து, நுண்கடனை முன்கூட்டியே முடிக்க மொத்தம் எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, ஒரே தரமாகக் கட்டி முடியுங்கள். இரண்டு வட்டியையும் வருடக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டே இதைச் செய்யுங்கள், வங்கி வட்டி நன்றாகக் குறைவாக இருக்கும். ஐந்து பவுணையும் வைக்காதீர்கள், கடனை மூடும் அளவு மட்டும். அடைவு வட்டியை மாதாமாதம் கட்டி, தவணை முடியுமுன் மீட்டோ புதுப்பித்தோ வந்தால் ஏலத்துக்குப் போகாது.

வெளிநாட்டுக் காசு வந்ததால் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காமல் போயிருந்தால், நிலைமை மாறியதைக் கிராம சேவையாளரிடம் சொல்லி மீள விண்ணப்பியுங்கள். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவையும் சேர்த்துக் கேளுங்கள். கணவரின் காயத்துக்கு மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இவை பெரிய காசில்லை, ஆனால் மாதாமாதம் வரும் காசு.

வயல் விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருவது. தனியாருக்கு ஈடு வைத்து எழுதும் எழுத்து அதன்படி செல்லாது, பெர்மிட்டையே இரத்துச் செய்ய இடம் கொடுக்கும். ஈடு பிடிக்க நிற்பவருக்கு இது தெரியும். அதனால்தான் இப்படியானவர்கள் பெர்மிட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெற்றுக் கடதாசியில் கையெழுத்தும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலாக இருந்தால் காலபோகத்தோடு சிறுபோகமும் உங்களுக்கு இருக்கிறது. நீங்களே செய்ய முடியாவிட்டால், பெர்மிட் காணியைக் குத்தகைக்கு விடவும் அனுமதி வேண்டும் என்பதால் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டு, அனுமதி கிடைத்தால் ஒரு போகத்துக்கு மட்டும் விடுங்கள், குத்தகையை நெல்லாக வாங்குங்கள். வீட்டுச் சோறு அதில் ஓடும்.

தம்பியிடம் பேசும்போது இந்த மாதம் காசைப் பற்றிக் கேட்க வேண்டாம். இன்றைக்கு மருந்து குடித்தாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகும் உடனே பழைய 60,000ஐ எதிர்பார்க்காதீர்கள், அங்கே அவரது வாடகையும் போக்குவரத்தும் முந்தட்டும். 10,000 அனுப்பினாலும் வாங்குங்கள், வீட்டுச் செலவில் கலக்காமல் அடைவு நகையை மீட்க மட்டும் தனியாக வையுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் காசாக, எடுக்காமல் வங்கிக் கணக்கிலேயே எடுங்கள்.