பெத்தாலஜி படிக்கலாமா? செட்டிநாட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ரத்தத்தையும் சதையையும் சோதித்து நோயைக் கண்டறியும் துறைதான் பெத்தாலஜி. காரைக்குடியில் ஆய்வகம் வைத்திருக்கும் பெத்தாலஜி மருத்துவர் பதில் சொல்கிறார்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: பேத்தி டாக்டருக்குப் படித்துவிட்டு பெத்தாலஜி எடுக்கப் போகிறேன் என்கிறாள். பிணம் அறுக்கிற வேலைதானே? கைராசிக்காரி என்று பேரெடுக்க வேண்டாமா?

ஆச்சி, நீங்கள் பயப்படுகிற வேலையைப் பெரும்பாலும் தடயவியல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எங்களுக்கு வருவது உயிரோடு இருப்பவர்களின் ரத்தமும் சதையும்தான். கட்டியை எடுப்பவர் சர்ஜன்; அது புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்று சொல்வது நாங்கள். அதற்குப் பிறகுதான் மருந்தா, கதிர்வீச்சா என்ற முடிவே. சில சமயம் நோயாளி ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் இருக்க, சதைத் துண்டை உறையவைத்துச் சீவிப் பார்த்து 20 நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். சர்ஜன் காத்திருப்பார். கழுத்துக் கட்டியில் ஊசி வைத்து செல் எடுப்பதும் நாங்களே, அதனால் நோயாளி முகம் பார்க்காத வேலையும் இல்லை. உங்கள் பேத்திக்குக் கைராசியோடு கண்ராசியும் வேண்டும். கண்டாங்கியில் ஒரு இழை தப்பினால் நெசவாளி கண்ணுக்குப் படுமே, அந்தக் கண்.

திருப்பத்தூர், பிளஸ் டூ மாணவர்: எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், பயிற்சி மருத்துவர் காலமும் சேர்த்து. பிறகு முதுநிலை நீட் எழுதி எம்டி பெத்தாலஜி 3 வருடம். தம்பி, அரசுப் பள்ளியில் படித்திருந்தால் எம்பிபிஎஸ் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறக்காதே. 2012-ல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி உனக்குப் பக்கம்தான்.

காரைக்குடி லேப் டெக்னீஷியன்: டிஎம்எல்டி (ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமா) முடித்து 6 வருட அனுபவம். அப்படியே பெத்தாலஜிஸ்ட் ஆக முடியுமா?

முடியாது தம்பி. எம்பிபிஎஸ் இல்லாமல் வழி கிடையாது. நீட் எழுதுவதற்கு இப்போது உச்ச வயது வரம்பு இல்லை. மனமிருந்தால் முயன்று பாருங்கள். ஆனால் உங்கள் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். சதையை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி, செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியச் சாயமேற்றுகிற கை சரியில்லையென்றால் என் கண்ணுக்கு வேலையே இல்லை. ஒருமுறை மார்புக் கட்டி ஒன்று சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இல்லாமல் வெறும் சலைனில் (உப்புநீரில்) இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. செல்லெல்லாம் சிதைந்துபோய், அந்த அம்மாவுக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கட்டியைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின், வாய் அகன்ற டப்பா. இதை உங்கள் பகுதி நர்ஸிங் ஹோம்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளத்தூர் வாசகர்: வருமானம்?

ஆரம்பத்தில் சர்ஜன் அளவுக்கு வராது. இரவு அழைப்பு குறைவு.

மருத்துவக் கல்லூரி மாணவி, சொந்த ஊர் கானாடுகாத்தான்: பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊரிலேயே இருக்க முடியுமா?

இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இங்கிருந்து பரிசோதனைக்கு மதுரை போகும் ஒவ்வொரு சதை டப்பாவின் முடிவுக்கும் ஒரு குடும்பம் தூங்காமல் காத்திருக்கிறது. பிடிக்குமா என்பதற்கு ஒரே சோதனைதான்: ஒரு ஸ்லைடைப் பார்த்து அரைமணி கழிந்தது தெரியாமல் இருக்கிறாயா? விடுமுறைக்கு வரும்போது காலை பத்து மணிக்குள் ஆய்வகத்துக்கு வாம்மா. மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் பார்க்க இடமிருக்கிறது.