ஒளிவழியை எடுத்தது அவர்கள், கட்டணம் நமக்கா?

கேள்வி: அக்கா, ஈசூனில் அம்மாவுடன் இருக்கிறேன். அவருக்காகத்தான் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டணத் தொலைக்காட்சி எடுத்தேன். போன மாதம், அம்மா தினமும் தொடர் பார்க்கும் தமிழ் ஒளிவழியைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டதாக நிறுவனம் கடிதம் அனுப்பியது. சேவையையே நிறுத்தச் சொன்னேன். இப்போது பில்லில் 312 வெள்ளி ரத்துக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். போனில் கேட்டால், “ஒப்பந்தத்தில் இருக்கிறது சார்” என்ற ஒரே பதில்தான். கட்டிவிடவா?
- ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, இப்போதைக்கு அந்த 312 வெள்ளியைக் கட்டாதீர்கள். பில்லில் உள்ள மற்ற பாக்கியை மட்டும் தவணைக்குள் கட்டிவிடுங்கள்; கைரோவில் பணம் தானாகப் போகிறதென்றால் இன்றே வங்கியில் அதை நிறுத்துங்கள்.

பேசிய பேச்சை முதலில் மாற்றியது நீங்கள் அல்ல. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுவனம் தானாக விலையை ஏற்றினாலோ, முக்கியமான ஒளிவழியை எடுத்துவிட்டாலோ, ரத்துக் கட்டணம் இல்லாமல் விலக வாடிக்கையாளருக்கு வழிவிட வேண்டும் என்று தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதியே இருக்கிறது. அதனால் அந்த நீக்கல் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். பத்திரமாக வையுங்கள். வீடு மாறியதாலோ, பார்க்க நேரமில்லாததாலோ நிறுத்தியிருந்தால் நானே கட்டச் சொல்லியிருப்பேன். இது அப்படியல்ல.

இனி போனில் பேச வேண்டாம். பல வருடம் பில்லிங் பிரிவில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: எதிர்முனையில் இருப்பவர், ‘வாடிக்கையாளருக்குத் திருப்தியில்லை’ என்று கணினியில் ஒரு வரி தட்டிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பார். அதே விஷயம் மின்னஞ்சலாக வந்தால் புகார் எண் கொடுத்தாக வேண்டும், யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். சுருக்கமாக எழுதுங்கள்: எந்த ஒளிவழி, எந்தத் தேதியில் நீக்கினார்கள், நீங்கள் எப்போது நிறுத்தச் சொன்னீர்கள், 312 வெள்ளியை எப்படிக் கணக்கிட்டார்கள். நீக்கல் கடிதத்தைப் படமெடுத்து இணையுங்கள். கோபம் வேண்டாம், தேதிகள் போதும்.

அவர்கள் பிடிவாதம் பிடித்தால், சிங்கப்பூர் சமரச நிலையம் மூலம் இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்க்க ஆணையம் 2022இல் கொண்டுவந்த திட்டம் இருக்கிறது. செலவில் பெரும்பங்கு நிறுவனத்துடையது. பயனீட்டாளர் சங்கமான கேஸும் (CASE) உங்கள் சார்பில் பேசும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டுவது 10 வெள்ளிதான்.

இன்னொன்று, பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் நிறுவனத்தின் கடையில் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் சீரியல் எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த பில்லில் பெட்டிக்கு வேறு விலை போடுவார்கள்.