இலை வெட்டும் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சிகாகோவில் வசிக்கிறோம். பதினாறு வயதான என் மகள் இந்தக் கோடை விடுமுறையில் இளைஞர்களுக்கான கலைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். ரயில் பாலத்தடிச் சுவர் ஒன்றுக்காகச் சுடுமண் ஓடுகளால் ஓர் ஓவியம் செய்கிறார்கள். முதல் வாரம் எல்லோரிடமும் படம் வரைந்து வாங்கினார்கள். கடைசியில் தலைமை ஓவியரின் வடிவமே தேர்வானது. நான்கு வாரங்களாக அவள் இலைகளை மட்டுமே வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கொரு ஓட்டைக் கொடுத்து விருப்பம்போல் வரையவிட்டிருக்கலாமே. உதவித்தொகை தருகிறார்கள் என்பது சரி. ஆனால் இது கலைப் பயிற்சியா, கூலி வேலையா?

ச., சிகாகோ

அன்புள்ள ச.,

கூலி வேலையும்தான். உங்கள் நகரத்தில் இதைத் தெரிந்தேதான் அப்படி அமைத்தார்கள். 1989-இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, நகரின் நடுவே வெற்றிடமாகக் கிடந்த ‘பிளாக் 37’ மனையில், பண்பாட்டுத் துறை ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்க்கும் மேயரின் மனைவி மேகி டேலியும் 1991 கோடையில் இளைஞர்களுக்கான ‘கேலரி 37’ கலைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அங்கு வந்த பிள்ளைகளைத் தொழில் பழகுநர்கள் என்றே அழைத்தார்கள், ஊதியமும் கொடுத்தார்கள். விடுமுறையில் கடையில் நின்று சம்பாதித்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளையும் களிமண்ணில் கைவைக்க முடிந்தது அந்த ஊதியத்தால்தான்.

ஆளுக்கொரு ஓடு என்பது பள்ளி வராந்தாவுக்கும் நூலகச் சுவருக்கும் பொருந்தும். அங்கே நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பாலத்தடியில் காரில் கடந்துபோகிறவருக்குக் கைக்குட்டை அளவிலான நூறு படங்கள் வெறும் வண்ணப் புள்ளிகளாகவே தெரியும். தொலைவிலிருந்து பார்க்கப்படும் சுவருக்கு ஒரே வடிவம் வேண்டும்.

இலை வெட்டுவதைத்தான் நீங்கள் குறைத்து எடைபோட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். களிமண்ணை இரண்டு சமகனக் குச்சிகளுக்கு இடையே வைத்து உருட்டினால்தான் அது எங்கும் ஒரே தடிமனாக வரும். வெட்டிய இலையை வெயிலில் வைத்தால் ஓரம் அப்பளம்போல் மடங்கிவிடும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்திவைத்து நாள்கணக்கில் மெல்ல உலர்த்த வேண்டும். காய்ந்து சூளையிலிருந்து வெளியே வரும்போது அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும் என்பதால், அந்தக் கணக்கை வரைபடத்திலேயே சேர்த்து எல்லாவற்றையும் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பச்சை மெருகும் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசும்போது பச்சை நிறமாக இருப்பதில்லை. சாம்பலோ இளஞ்சிவப்போகூட இருக்கலாம். சூளைக்குள் போன பிறகு வரப்போகும் நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டே பூச வேண்டும்.

இத்தனைக்கும் மேல் உங்கள் ஊர்க் குளிர் இருக்கிறது. குறைந்த வெப்பத்தில் சுட்ட ஓடு நீரை உறிஞ்சும். அந்த நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு அளவுக்குப் பெருத்து, ஓட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதனால் வெளிச்சுவருக்கான ஓட்டை 1200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, நீர் புகாதபடி இறுகவைக்கிறார்கள். ஓட்டின் பின்புறம் சிமெண்ட் பிடிக்காமல் பொள்ளலாக நின்றாலும் அங்கே நீர் தேங்கும். (நம் ஊர்க் கொத்தனார் ஒட்டி முடித்த டைல்ஸை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவது அதற்காகத்தான்.) உங்கள் மகளின் ஓர் இலை கழன்றால் பக்கத்து இலைக்கும் ஆபத்து.

ஓரிடத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. எல்லோரிடமும் படம் கேட்டு வாங்கியவர்கள், எது ஏன் எடுக்கப்படவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் இளைஞர்களைக் கொண்டு நெடுஞ்சுவர் ஒன்றைத் தீட்டத் தொடங்கியபோது (அது ஓடு அல்ல, வண்ணம்), வரலாற்றாசிரியர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். எதை ஏன் வரைகிறோம் என்ற பேச்சும் அங்கே வேலையின் பகுதியாக இருந்தது. உங்கள் மகளின் பயிற்சியில் விடுபட்டது அந்த ஒரு மணி நேரப் பேச்சுதான். அதை அவளே தலைமை ஓவியரிடம் கேட்கலாம். பழகுநருக்கு அந்த உரிமை உண்டு.

ஓடுகளை ஒட்டுவதற்கு முன் ஒருநாள் நீங்களும் பட்டறைக்குப் போய்வாருங்கள். இடம் மாறிவிடாமலிருக்க ஒவ்வோர் ஓட்டின் பின்புறத்திலும் எண் எழுதியிருப்பார்கள். எந்தெந்த எண்கள் தன்னுடையவை என்று அவளைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஏறிய பிறகு அதைப் பார்க்க முடியாது.