முள்ளுக்காட்டு வண்டிக்குக் காற்று: எந்தக் கம்ப்ரஸர், எங்கே பொருத்துவது?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். மஹிந்திரா தார் (டீசல்) ஜீப் வைத்திருக்கிறேன். தோப்புக்குப் போகும் வழி முழுவதும் கண்மாய்க் கரையும் சீமைக் கருவேல முள்ளும்தான். அவ்வப்போது தொண்டிப் பக்கம் மணல் பாதையிலும் போவேன். அப்போது டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வேன். திரும்ப அடிக்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பம்பு இருக்கிறது. இரண்டாவது டயரிலேயே சூடேறி நின்றுவிடுகிறது, ஃபியூஸும் போகிறது. நிரந்தரமாகக் கம்ப்ரஸர் பொருத்தலாம் என்று விசாரித்தால், இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸரும் காற்றைச் சேமித்து வைக்கும் 4 லிட்டர் டேங்கும் பானட்டுக்குள் வைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: நிரந்தரக் கம்ப்ரஸர் உங்களுக்குத் தேவைதான். இரட்டை சிலிண்டர் தேவையில்லை. டேங்க் வேண்டவே வேண்டாம். பானட்டுக்குள் வைப்பதும் நம் வெயிலுக்குச் சரிப்படாது.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது '150 பி.எஸ்.ஐ.' என்ற பெரிய எழுத்துதான். அதைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் டயருக்கு வேண்டியது முப்பதைச் சுற்றி ஒரு அழுத்தம்; அதை எந்தப் பம்பும் கொடுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பது. அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாமல் அளந்தது. டயர் நிரம்ப நிரம்ப அது இறங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் அழுத்த வாரியாக அட்டவணை கொடுப்பார்கள். கொடுக்காதவரிடம் வாங்கவே வேண்டாம் என்பேன்.

உங்கள் டயர் 255/65 ஆர் 18 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 65 லிட்டர் இடம் இருக்கும். மணலுக்காக 18-க்கு இறக்கியதை 32-க்கு ஏற்ற வேண்டுமானால் 14 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். இது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அப்படியானால் ஒரு டயருக்கு 60 லிட்டருக்குச் சற்று மேல், நான்குக்கும் சேர்த்து 250 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். 30 பி.எஸ்.ஐ.-யில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் ஒற்றை சிலிண்டர் கம்ப்ரஸர் ஆறேழு நிமிடத்தில் இதை முடித்துவிடும். ஒரு தனி வண்டிக்கு இது தாராளம். இரட்டை சிலிண்டர் பாதி நேரத்தில் முடிக்கும். ஆனால் 50, 60 ஆம்பியர் இழுக்கும், இடமும் அடைக்கும். மிகப் பெரிய டயர் மாட்டியவருக்கும், கூட வரும் நாலைந்து வண்டிகளுக்கும் சேர்த்துக் காற்றடிப்பவருக்கும்தான் அது பொருந்தும்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஓட்ட விகிதம் (டியூட்டி சைக்கிள்). 30 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடலாம், ஏழு நிமிடம் ஓய்வு தர வேண்டும். இந்த அளவீடு பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் எடுக்கப்பட்டது. காரைக்குடிச் சித்திரை வெயிலில் அந்த 30 விழுக்காடு கிடைக்காது. 50 விழுக்காட்டுக்குக் குறைந்ததை இங்கே பொருத்தாதீர்கள். சூடு மீறினால் தானே நின்று, ஆறியதும் ஓடும் வெப்பத் தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

டேங்க் விஷயத்தில் பலருக்கும் மயக்கம் உண்டு. 4 லிட்டர் டேங்கை 120 பி.எஸ்.ஐ. வரை நிரப்பி வைத்தாலும், அழுத்தம் 32-க்கு இறங்கும் வரை அது கொடுப்பது சுமார் 24 லிட்டர் காற்று. உங்கள் ஒரே டயரில் 5 பி.எஸ்.ஐ. ஏறும், அவ்வளவுதான். மீதி வேலை முழுவதையும் கம்ப்ரஸர்தான் செய்தாக வேண்டும். ரிம்மை விட்டு விலகிய டயரை ஒரே வீச்சில் ஏற்றி உட்கார வைக்கவும், ஏர் ஹாரனுக்கும், காற்றில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்குக்கும் டேங்க் உதவும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை. டேங்க் வந்தால் கூடவே பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, காற்று திரும்பாமல் தடுக்கும் வால்வு, அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய் என்று எல்லாம் வரும். கடலோரக் காற்றின் ஈரம் அடியில் தேங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும்.

இனி இடம். பானட்டுக்குள் வைத்தால் பேட்டரி அருகில், ஒயர் குட்டை. இந்த ஒரு வசதிக்காகத்தான் கடைக்காரர் அங்கே கை காட்டுகிறார். அங்கே டர்போவின் கொதிப்பும் ரேடியேட்டர் வழியாக வரும் அனலும் எந்நேரமும் உண்டு. கம்ப்ரஸர் தன் சூட்டிலேயே தவிக்கும் பொருள். அதைக் கொண்டுபோய் அடுப்படியில் உட்கார வைக்கக் கூடாது. கூடவே செம்மண் புழுதி. செம்புறாங்கல் சரளைப் பாதையில் சில வாரம் ஓடிய வண்டியின் கம்ப்ரஸர் ஃபில்டரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பிழிந்து பாருங்கள். தண்ணீர் செங்கல் கரைத்தது போல் ஆகிவிடும். அந்தத் தூளில் கொஞ்சம் உள்ளே நுழைந்தாலும் பிஸ்டன் வளையத்தைத் தேய்த்துவிடும். சேஸிஸுக்கு அடியில் பொருத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கண்மாய்க் கலங்கல் தண்ணீரில் ஒரு முறை இறங்கினால் போதும், மோட்டார் முடிந்தது.

என் தேர்வு கேபினுக்குள், முன் பயணி இருக்கைக்கு அடியில். இடம் போதவில்லையென்றால் பின்பக்கச் சாமான் பகுதியின் பக்கச் சுவரில். ஏ.சி. ஓடிய கேபினின் குளிர்ந்த, புழுதி குறைந்த காற்றை அது இழுக்கும். சத்தம் அதிகம்தான், ஆனால் காற்றடிக்கும்போது நீங்கள் வெளியேதான் நிற்கப்போகிறீர்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குடையது. அதைத் தொடவே கூடாது. இருக்கையை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளிப் பார்த்து, எங்கும் உரசாத இடத்தை அளந்த பிறகே கம்ப்ரஸரைத் தாங்கும் தகடு வெட்டச் சொல்லுங்கள்.

தகடு 3 மில்லிமீட்டர் இரும்பாக இருக்கட்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பிடிக்கும்படி லேத் பட்டறையில் வளைத்து வாங்குங்கள். மெல்லிய பாடித் தகட்டில் ஸ்க்ரூ மட்டும் அடித்து நிறுத்தினால் அதிர்வில் துளை அகன்று ஒரு நாள் கழன்று விழும். கம்ப்ரஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ், நைலான் பிடித்த நட்டு இரண்டும் வேண்டும். எந்தப் பக்கம் கீழே இருக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலையும் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பொருத்த முடியாது.

கம்ப்ரஸர்கள் பல கெடுவது ஒயரால்தான். உங்கள் பழைய பம்பின் கதையும் இதுதான். லைட்டர் துளைக்கான ஃபியூஸ் வழக்கமாக 15 அல்லது 20 ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் போகத்தான் செய்யும். ஃபியூஸ் போகிறதே என்று அங்கே 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிடாதீர்கள். ஃபியூஸ் தாங்கும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் தாங்காது, தீப்பிடிக்கும்.

புதிய கம்ப்ரஸருக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். 30 ஆம்பியர் ஓடி, ஒயர் போகவர ஆறு மீட்டர் என்றால், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 0.8 வோல்ட் வழியிலேயே வீணாகும். 10 சதுர மில்லிமீட்டரில் அது 0.3 வோல்ட்டுக்குச் சற்று மேல். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றி, அதிக நேரம் ஓடி, அதிகம் சுடும். ஆகவே 10 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயரே போடுங்கள்; செம்புப் பூச்சு கொடுத்த அலுமினிய ஒயர் மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அது காப்பது கம்ப்ரஸரை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையே ஒயர் உரசினால் காப்பாற்ற யாரும் இல்லை. அடுத்து ரிலே, அதாவது சிறு சுவிட்சை வைத்துப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம். அதன் சுவிட்ச் சாவி போட்டால் மட்டுமே மின்சாரம் வரும் இணைப்பில் இருக்கட்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையமும் ஒயருக்கு மேலுறையும் கட்டாயம். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும். அப்படியானால் எர்த் ஒயரை முனையில் நேரடியாகக் கட்டாமல், பாடியில் பெயின்ட் சுரண்டிய சுத்தமான போல்ட்டில் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேட்டரியின் நிலையை வண்டி தவறாகக் கணக்கிடும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒரு டயருக்குக் காற்றடித்தபடியே, பேட்டரி முனைகளிலும் கம்ப்ரஸர் முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை. அணைத்தவுடன் ஒயர் நுனிகளில் அழுத்திப் பிடித்திருக்கும் ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது சரியாக அழுத்தப்படவில்லை. வெட்டிவிட்டுப் புதிதாக அழுத்த வேண்டும்.

கம்ப்ரஸர் தலையிலிருந்து வரும் காற்று 100 டிகிரிக்கு மேலும் சுடும். அங்கே சாதாரண ரப்பர் குழாய் இளகிவிடும். எஃகு வலை பின்னிய டெஃப்லான் குழாய் ஒரு மீட்டராவது இருக்கட்டும். காற்று வெளியே எடுக்கும் முனைக்குத் தூசி மூடி வேண்டும். கைக்குழாய் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி வரை எட்ட வேண்டும். ஏழு மீட்டர் சரியாக வரும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயில் உள்ள மீட்டர் கூடுதலாகவே காட்டும், நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

முள் விஷயம். கருவேல முள் டயரில் ஏறி, மெதுவாகத்தான் காற்று இறங்குகிறது என்றால் அங்கேயே பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கும். கம்ப்ரஸரால் நிரப்பிக்கொண்டு, மெதுவாகத் தார்ச்சாலைக்கு வந்து பஞ்சர் கடையில் எடுங்கள். முனை ஒடிந்து உள்ளே நிற்பது இந்த முள்ளின் இயல்பு. டயரைக் கழற்றி உட்புறத்தைத் துணியால் துடைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஏறிய முள்ளென்றால் திரி வைத்து அடைப்பது நிற்காது. மணலில் 18-க்கு இறக்கியிருந்தால், தொண்டிச் சாலையில் ஏறும் முன்பே காற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். குறைந்த காற்றோடு வேகம் எடுத்தால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும்.

உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால், கம்பெனி ஒயர் எதையும் வெட்டாமல் செய்யச் சொல்லி, பயன்படுத்திய ஒயர், ஃபியூஸ் விவரத்துடன் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.